கரண்டு வந்தாத்தான் பயம்

மூடி பறந்த வூடு

பேட்டரி மூடி 'டப்'புன்னு தெறிச்சி மேல ஓடிகிட்டிருந்த ஃபேன்ல பட்டுச்சு. ஃபேன் அத வாங்கி சுவத்துல அடிச்சிது. அது என் காதுக்கு ஒரு ஜாண் தள்ளி மாட்டியிருந்த காலண்டர கிழிச்சிகிட்டு கீழ விழுந்துச்சு. ஸ்க்ரூடிரைவர் எடுக்க அப்பத்தான் குனிஞ்சேன், இல்லன்னா நேரா மூஞ்சிதான். ரூம் பூரா அழுகின முட்ட நாத்தம். ஒல கொதிக்கிற மாதிரி பேட்டரி உள்ள கொதிக்கிது, ஓரமெல்லாம் ஆசிட் வழியுது. பாஞ்சி போயி ப்ளக்க புடுங்கினேன். புடுங்கின பெறவும் அது அடங்கவே இல்ல, கோவத்துல இருக்கற மாடு மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னுகிட்டே கெடந்துச்சு.

இன்வெர்ட்டர் தொழில் ஒரு கிறுக்குத் தொழிலுங்க, ஊருக்கு கரண்டு போனாத்தான் எங்களுக்கு சோறு. இது நடந்தது 2012 ஐப்பசில. நாள்ல பாதிக்கு மேல கரண்டு இல்லாத வருஷம், அதனால எங்களுக்கு மூச்சு வுட நேரமில்லாத வருஷம். கடலூர் செம்மண்டலத்துல ஒரு தகர ஷெட்டு, அதான் ஃபேக்டரி. அங்க புரொடக்‌ஷன் இன்ஜினியர் நான். சர்வீஸ் இன்ஜினியரும் நான்தான். காலைல ஷெட்டுல எவன் என்ன கோளாறு பண்ணாலும், மதியத்துக்கு மேல கஸ்டமர் வூட்ல நின்னு திட்டு வாங்கறது இந்த மூஞ்சிதான். சர்வீஸ் பையத் தூக்கின எல்லாருக்கும் இந்த மூஞ்சி நல்லாத் தெரியும். (லோடு டெஸ்ட் ஓடற நேரத்துல இத டைப் பண்றேன். பஸ்ஸர் அடிச்சா எழுந்து ஓடிடுவேன், கண்டுக்காதீங்க.)

மூடி பறந்தது மஞ்சக்குப்பத்துல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வூட்ல. மெஷின் வாங்கி மாசம் கூட ஆகல. வாத்தியாரு அதிர்ச்சில அப்பிடியே சேர்ல ஒக்காந்துட்டாரு. அவரு சம்சாரம் மட்டும் மூக்க முந்தானையால பொத்திகிட்டு, ரொம்ப நிதானமா என்கிட்ட சொன்னாங்க.

"தம்பி, கரண்டு இல்லாதப்ப இது தங்கமா இருக்குது. கரண்டு வந்தாத்தான் பயமா இருக்குது."

நெயில் பாலிஷ்

மெஷின ஷேர் ஆட்டோவுல போட்டு ஷெட்டுக்கு தூக்கிட்டு வந்து தொறந்தோம். பேட்டரி ஃபுல் ஆனதும் சார்ஜிங் தானா நிக்கணும். எந்த அளவுல நிக்கணும்னு செட் பண்ண போர்டோட மேல் ஓரத்துல நீலமா ஒரு சின்ன கட்டம் இருக்கும், அது நடுவுல ஒரு பித்தள திருகு. ப்ரீசெட்டுன்னு சொல்லுவோம். எங்க செட்டிங் பெஞ்சுல ஜெனிஃபர்னு ஒரு பொண்ணு. மீட்டர பாத்துகிட்டே அந்தத் திருக நூல் நூலா திருப்பும். அளவு வந்ததும் அது மேல ஒரு சொட்டு செவப்பு நெயில் பாலிஷ் வைக்கும். காஞ்சிதுன்னா கல்லு. திருப்பி திருகணும்னா ஸ்க்ரூடிரைவர வச்சி அழுத்தணும், 'டக்'குன்னு ஒடையற சத்தம் வரும். எங்க ஷெட்டுல ஒரே சட்டம்தான்: செவப்பு இருந்தா பொட்டில மாட்டு, இல்லன்னா கை வைக்காத. மாட்டின பெறவு லோடு போட்டு பாப்போம், ஆனா சார்ஜிங் நிக்கிதான்னு பாக்க மாட்டோம். அதுக்கு ஒவ்வொரு மெஷினுக்கும் பேட்டரி ஃபுல் ஆகற வரைக்கும் காவல் ஒக்காரணும். ஆர்டர் கழுத்த நெரிக்கிது, எவன் ஒக்காருவான்.

ஹெட்மாஸ்டர் வூட்டு மெஷின்ல செவப்பு இருந்துச்சு. ஆசிட் ஆவி பட்டு கருத்துப் போயி இருந்தாலும் இருந்துச்சு. செட்டிங்தான் இல்ல. கடையிலேர்ந்து வாங்கறப்ப எப்பிடி ஒரு கோடில நிக்குமோ, திருகு அப்பிடியே நிக்கிது. எங்க மொதலாளி கலியபெருமாள் சார் மோட்டாருக்கு காயில் கட்டி கட்டி மேல வந்தவரு. கண்ணாடிய நெத்திக்கு ஏத்திகிட்டு போர்ட மூக்கு கிட்ட வச்சி பாத்தாரு. பாத்துட்டு செட்டிங் பெஞ்சு பக்கம் திரும்பி கத்தினாரு.

"நெயில் பாலிஷ் மட்டும் போட்டா பொண்ணு பாக்க வர்றவன் ஏமாறுவான். பேட்டரி ஏமாறுமாடா?"

தொடாத டிரே

அந்த போர்டு வந்த டிரே எதுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. பன்னெண்டு போர்டு. ஆயுத பூஜைக்கு மொத நாள் ஜெனிஃபர் பெஞ்சு மேல இருந்த டிரே. அன்னைக்கு மதியம் அந்தப் பொண்ணு அக்கா நிச்சயதார்த்தத்துக்கு லீவு சொல்லிட்டு கெளம்பிடுச்சி. மறுநாள் லீவுங்கறதால அன்னைக்கு சாயங்காலமே நாங்க பூஜைக்கு ஷெட்ட கழுவி, டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர், மீட்டரு, என் ஹெல்மெட்டு வரைக்கும் பொட்டு வச்சி, பொரி கடல தின்னுட்டு வூட்டுக்கு போயிட்டோம். விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல ஒரு லாட்டு மெஷின் வெளிய போகணும்னு மொதலாளிக்கு ஒரே புடி. அசெம்பிளி பசங்க பாத்தாங்க, டிரேல எல்லாத்துலயும் செவப்பு இருக்கு, எடுத்து மாட்டிட்டாங்க, வண்டி ஏறிடுச்சி.

ஜெனிஃபர் சொன்னது வேற. "அந்த டிரேல ஒரு போர்டு கூட நான் செட் பண்ணல சார். வந்து பண்ணிக்கலாம்னு வச்சிட்டு போனேன். திரும்பி வந்தா டிரே காலி. சரி, நீங்க பண்ணிட்டீங்க போலன்னு நெனச்சேன்." நான் பண்ணலயே. மொதலாளி நம்பவே இல்ல. அவசரத்துல பாலிஷ மட்டும் வச்சிட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஓடிடுச்சின்னே முடிவு பண்ணிட்டாரு. "தீபாவளி வரைக்கும் பேக்கிங்ல நில்லு. ஸ்வீட் பாக்ஸ வாங்கிக்க. அதுக்கப்பறம் வர வேணாம்." எனக்கும் உள்ளுக்குள்ள பாதி சந்தேகம்தான். செவப்பு தானா மொளைக்காது இல்ல.

ஜெனிஃபரோட அப்பா ஓ.டி.ல, அதான் கடலூர் ஓல்டு டவுன்ல, ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு. அவுங்க வூட்ல மொத டிப்ளமோ இது. எங்க ஷெட்டு எக்ஸ்பீரியன்ஸ வச்சி பாண்டிச்சேரில பெரிய கம்பெனிக்கு போகணும்னு இருந்துச்சு. 'பேட்டரி கொதிக்க வச்ச பொண்ணு'ன்னு பேரோட போனா எவன் எடுப்பான்? அது அழல, கத்தல. பேக்கிங் டேப்ப கைல எடுத்துகிட்டு என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"தொடாத போர்டுக்கு நான் என்னன்னு சார் பதில் சொல்றது?"

ஆஃப் ஆகாத ஆஃப்

மீதி மெஷின் பூரா வெளிய இருக்கு. ஏன் இன்னும் ஒண்ணும் கொதிக்கலன்னு யோசிச்சா சிரிப்பு வருது, அழுகையும் வருது. கரண்டு வந்து வந்து போற ஊர்ல பேட்டரி ஃபுல்லே ஆகாது. ஃபுல் ஆகலன்னா கொதிக்காது. மஞ்சக்குப்பத்துல கலெக்டர் ஆபீஸ் லைன், அங்க கரண்டு கட்டு கம்மி, அதான் மொதல்ல அங்க பொங்கிடுச்சி. அப்ப கரண்டு ஒழுங்கா வந்தா எல்லாம் பொங்கும். ஒழுங்கா எப்ப வரும்? தீபாவளிக்கு! அன்னைக்கு மட்டும் கட் பண்ண மாட்டாங்க. முழு நாள் கரண்டு, கொதிக்கிற பேட்டரிலேர்ந்து வாயு கெளம்பும், அதுல பொறி பட்டா வெடிக்கும், ஊரு பூரா கைல மத்தாப்பு. இது மண்டைல ஒறைச்ச நிமிஷம் சர்வீஸ் பைய தூக்கிட்டேன்.

அந்த டிரே மெஷின் முக்காவாசி சிதம்பரம் டீலரு நசீர் பாய்க்குத்தான் போயிருந்துச்சு. அவரு கடைக்கு ஓடினேன், கூட எங்க டெக்னீஷியன் செந்தில். செந்தில் ஷெட்டுக்குள்ள என்னை சார்னுவான், ஷெட்டு கேட்ட தாண்டினா மச்சான்தான். பாய் ஒவ்வொரு கஸ்டமருக்கா போன் போட்டு ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னாரு. எல்லாரும் ஆஃப் பண்ணாங்க, முன்னாடி இருக்கற சுவிட்ச! அத ஆஃப் பண்ணா லைட்டுதான் எரியாது, சார்ஜிங் அது பாட்டுக்கு ஓடும். திருப்பி எல்லாருக்கும் போன் போட்டு, சுவிட்சு இல்ல, ப்ளக்க புடுங்குங்கன்னோம். புடுங்கினா ஃபேன் ஓடாது, கொசு தூக்கிட்டு போயிடும்னு சாயங்காலமே மாட்டிக்கிறாங்க. நேர்ல போயி ஒவ்வொண்ணா செட் பண்றத தவிர வழியே இல்ல. பாய் போன வச்சிட்டு தலைல இருந்த தொப்பிய கழட்டி விசிறிகிட்டாரு.

"தம்பி, யாவாரத்துல எவ்ளவோ ஜாஸ்தி கம்மி பாத்துட்டேன். வித்த பொருள ஓட்டாதீங்கன்னு கஸ்டமர் கால்ல விழறது இதான் மொத தடவ."

முந்திரி மூட்ட

நாங்க ஒரு மொற வச்சிகிட்டோம். நான் பேசணும், செந்தில் திருகணும். நான் வாசல்ல நின்னு கம்பெனி, வாரண்டி, ஃப்ரீ சர்வீஸ்னு கத வுட்டுகிட்டிருக்கறதுக்குள்ள அவன் உள்ள போயி மெஷின தொறந்து, மீட்டர மாட்டி, திருக திருப்புவான். அளவு வந்தா சார்ஜிங் லைட்டு அணையும். அப்ப உள்ளேர்ந்து ஒரு இருமல் இருமுவான். இருமல் கேட்டுச்சின்னா எனக்கு உசுரு வரும்.

காடாம்புலியூர்ல ஒரு முந்திரி வியாபாரி வூடு. அந்த மெஷின் நேரா ஷெட்டுலேர்ந்தே போனது. கொண்டு போயி எங்க வச்சிருக்காங்கன்னு பாத்தா, முந்திரி மூட்ட அடுக்கியிருக்கற குடோன்ல. மெஷின் மேல தூசு படக்கூடாதுன்னு சாக்கப் போட்டு போத்தி வச்சிருக்காங்க! காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. சாக்க எடுத்தா அனலு, கைய வைக்க முடியல. ரெண்டு பக்கமும் எண்ண கசியற முந்திரி. ஒரு பொறி போதும். செந்தில் திருகறான், நான் பக்கத்துல நின்னு டார்ச்சு புடிக்கிறேன். அவன் இருமறதுக்குள்ள ஒரு யுகம் போச்சு. அந்த வூட்டு அம்மா குடோன் வாசல்ல இடுப்புல கைய வச்சிகிட்டு எல்லாத்தையும் பாத்துகிட்டே நின்னாங்க. என் வாரண்டி கதைய ஒரு எழுத்து கூட நம்பல.

"போன வருஷம் புயலு வந்து மரத்த எடுத்துக்கிச்சி. இந்த வருஷம் வூட்ட எடுக்க நீங்க வந்தீங்களா?"

டெய்லர் கடை

இருங்க, பஸ்ஸர்.

வந்துட்டேன். சிதம்பரத்துல தெற்கு வீதி பக்கம் ஒரு டெய்லர் கடை. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கறப்ப டெய்லர் கடைக்குள்ள நொழையறதும் தேர் அன்னைக்கு சன்னதிக்குள்ள நொழையறதும் ஒண்ணு. துணி மலையா குமிஞ்சி கெடக்கு, வாசல்ல ஒரு கூட்டம், "அண்ணே எம் பேண்ட்டு, அண்ணே எம் பேண்ட்டு"ன்னு கத்துது. டெய்லரண்ணன் தலைய நிமித்தாம தச்சிகிட்டிருக்காரு. நம்ம இன்வெர்ட்டர் அவரு காலடிலயே, கட்டிங் டேபிளுக்கு கீழ. கரண்டு இருந்துச்சு. அணைக்கணும்னேன். முடியாதுன்னாரு. கால் மணி நேரம் போதும்னேன். கால் மணி நேரத்துல ரெண்டு சட்டக் கை தச்சிடுவேன்னாரு.

எனக்கு வேற வழி தெரியல, உண்மைய சொல்லிட்டேன். அண்ணே, இது வெடிக்கும். அவரு மெதிச்சிகிட்டிருந்த கால அப்பத்தான் நிறுத்தினாரு. குனிஞ்சி மெஷின ஒரு பார்வ பாத்தாரு, வாசக் கூட்டத்த ஒரு பார்வ பாத்தாரு, ஒரு கால மடிச்சி ஸ்டூல் மேல வச்சிகிட்டாரு. "அப்பிடியே கீழ பூந்து என்னமோ பண்ணிக்க, லைட்ட மட்டும் அணைக்காத"ன்னு திருப்பி தைக்க ஆரம்பிச்சிட்டாரு. செந்தில் டேபிளுக்கு அடில படுத்துகிட்டே திருகினான், துணி வெட்டினதெல்லாம் அவன் மேல பூ மாதிரி கொட்டுது. இருமல் கேட்டதும் நான் டெய்லரண்ணன்கிட்ட, பயமே இல்லயாண்ணேன்னு கேட்டேன். நூல பல்லால கடிச்சிகிட்டே சொன்னாரு.

"பேட்டரி வெடிச்சா நான் ஒருத்தன்தான் போவேன். இத்தன சட்ட தைக்கலன்னா ஊரே சேந்து வெட்டும்."

சீரு

எல்லாம் முடிஞ்சி கடைசில ஒரு மெஷின் மட்டும் எங்கன்னே தெரியல. வாங்கினவரு புவனகிரிக்காரரு. அவரு வூட்டுக்கு போனா அங்க மெஷின் இல்ல. பொண்ணுக்கு கல்யாணம் ஆகி இது தலைதீபாவளி. பொண்ணு மாப்புள்ளய அழைக்க கீரப்பாளையத்துக்கு போனப்ப, தட்டு வரிசையோட சேத்து இன்வெர்ட்டரயும் சீரா வச்சிட்டு வந்திருக்காரு. அந்த வருஷம் மோதிரத்தவிட இன்வெர்ட்டருக்குத்தான் மரியாத. கலர் பேப்பர் சுத்தி, ரிப்பன் கட்டி, மேளம் வச்சி எறக்கினாராம்.

நாளைக்கு தீபாவளி. நாங்க விஷயத்த சொன்னதும் அவரு கதவ சாத்திட்டு வந்து என் ரெண்டு கையயும் புடிச்சிகிட்டாரு. சம்மந்தியம்மா ஏற்கனவே பொடவ சாயம் போவுது, பாத்திரம் கனம் கம்மின்னு ஒவ்வொண்ணுக்கும் பேச்சாம். பொண்ணு போன்ல அழுவுதாம். இதுல சீரு மெஷின் கோளாறுன்னு ஒரு வார்த்த அந்த வூட்டுக்குள்ள போனா அவ்ளவுதான். எனக்கு ஒரு பக்கம் பேட்டரி கொதிக்கிது, இன்னொரு பக்கம் இவரு கண்ணு கலங்குது.

"சரி பண்ணுங்க தம்பி, வேணாங்கல. ஆனா ரிப்பேருங்கற சொல்லு மட்டும் அந்த வூட்டு வாசப்படி ஏறக்கூடாது."

அது மேல காயறது

கீரப்பாளையத்துல தூறல். பைக்க வுட்டு எறங்கறப்ப கரண்டு இல்ல, சாமி புண்ணியம். "கம்பெனிலேர்ந்து வரோம்மா. தலைதீபாவளி ஸ்பெஷல் செக்கப். ஃப்ரீ"ன்னேன். சம்மந்தியம்மா எங்கள மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஃப்ரீயா? எவன் ஃப்ரீயா பண்ணுவான்? ரெண்டு பேரும் உள்ள போயி நல்ல சாமான கழட்டிட்டு மட்டத்த மாட்டவா? ஒருத்தன் போ. ஒருத்தன் இங்க என் கண்ணு முன்னாடி குந்து." செந்தில்தான் திருகறவன், அவன் போகட்டும்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவன ஒக்கார வச்சி கைல அதிரசத் தட்ட குடுத்துட்டாங்க. அவன் ஜாமீனுக்கு புடிச்சி வச்ச ஆள் மாதிரி முழிக்கிறான், ஆனா அதிரசத்த கடிச்சிட்டான்.

நான் உள்ள போனேன். மெஷின் மேலயும் பேட்டரி மேலயும் நியூஸ் பேப்பர் விரிச்சி, சரவெடி, புஸ்வாணம், சங்கு சக்கரம் எல்லாத்தையும் வடாம் காய வைக்கிற மாதிரி பரப்பி வச்சிருக்காங்க! அந்த நேரம் பாத்து கரண்டு வந்துச்சு. சார்ஜிங் லைட்டு எரியுது, 'ம்ம்ம்'முன்னு மெஷின் பாட ஆரம்பிக்கிது. கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. பாஞ்சி ப்ளக்க புடுங்கிட்டு, என்னம்மா இதுன்னு மெல்லமா கேட்டேன். நடு வாசப்படில நின்னு எங்க ரெண்டு பேரயும் கண்காணிச்சிகிட்டிருந்த சம்மந்தியம்மா மொகத்துல அப்பிடி ஒரு பெரும.

"மழைக்கு பட்டாசு நமுத்துப் போவுது தம்பி. எங்க சம்மந்தி குடுத்த மெஷின் மேல வச்சா ஒரே நாள்ல காஞ்சிடுது. அவ்ளோ சூடு, அவ்ளோ தரம்!"

நெத்தி

அந்த வூட்டு மருமவதான் காப்பாத்துச்சி. கதவோரம் நின்னுகிட்டு என் மொகத்தயே பாத்துச்சு. அப்பன் போன் பண்ணியிருப்பாரோ என்னமோ, ஒண்ணும் கேக்கல. "அத்த, மேல சாமான் இருந்தா செக்கப் பண்ண மாட்டாங்களாம்"னு சொல்லிகிட்டே மடமடன்னு பட்டாச அள்ளி பக்கத்து ரூமுக்கு கொண்டு போச்சு. போறப்பவே ரெண்டு சன்னலயும் தொறந்து வுட்டுட்டு போச்சு. நான் சொல்லவே இல்ல! அப்பறம் மெஷின தொறந்தேன். மீட்டர மாட்டினேன். செட் பண்ணணும்னா கரண்டு ஓடணும், அதனால ப்ளக்க திருப்பி மாட்டினேன். மீட்டர்ல முள்ளு நிக்காம ஏறுது. பேட்டரிக்குள்ள மெல்ல குமிழி சத்தம்.

நான் போர்டுல கை வச்சி ரொம்ப நாளாச்சு. ஜெனிஃபர் பாலிஷ் எப்பிடி கல்லுன்னு தெரியும், அதனால ஸ்க்ரூடிரைவர வச்சி நல்லா அழுத்தினேன். 'டக்'குன்னு சத்தமே வரல. வெண்ணெல வச்ச மாதிரி வழுக்கிட்டு போயி என் வெரல் போர்டுல மோதுச்சு. திருகு லேசா சுத்துது. சுத்தினேன், சுத்தினேன், லைட்டு அணைஞ்சிது. முள்ளு நின்னுச்சி. குமிழி சத்தமும் நின்னுச்சி. அப்பிடியே தரைல ஒக்காந்து நெத்தி வேர்வைய தொடச்சிகிட்டேன். சம்மந்தியம்மா என்னப் பாத்தாங்க, மொதல் தடவையா மொகம் மலந்துச்சு.

"வேல பாக்கறதுக்கு முன்னாடி குங்குமம் வச்சிக்கிறீங்களா? நல்ல பழக்கம் தம்பி."

தட்டு புடிச்சவன்

வெளிய ஓடி வந்து பைக் கண்ணாடில பாத்தேன். நெத்தில செவப்பு இழுத்திருக்கு. வெரல்லயும் செவப்பு. மோந்து பாத்தா பன்னீர் வாசன! நெயில் பாலிஷ்ல ஏதுடா பன்னீர்? செந்தில் சட்டய புடிச்சி, ஏன்டா, இத்தன மெஷின் திருகினியே, ஒண்ணுல கூட டக்குன்னு சத்தம் வரலயேன்னு ஒனக்கு தோணலயாடான்னேன். "லூசா இருந்துச்சு மச்சான். சரி, நம்ம அதிர்ஷ்டம்னு நெனச்சிகிட்டேன்"ங்கறான்.

வெரல அவன் மூக்குல வச்சேன். மோந்தான். அதிரசம் மெல்றத நிறுத்தினான். எங்க மொதலாளிக்கு ஒரு பழக்கம், ஆயுத பூஜைக்கு பன்னீர்ல கொழச்ச குங்குமத்த அவரு கையாலயேதான் எல்லாத்துக்கும் வைப்பாரு, வேற எவனையும் வுட மாட்டாரு. போர்ட டிரேல நிமித்தி வச்சா அந்த நீலக் கட்டம் சரியா நெத்தி இருக்கற எடத்துல வரும்.

"மச்சான்... அன்னைக்கு அவரு பின்னாடி குங்குமத் தட்டு புடிச்சிகிட்டு போனதே நான்தான்டா."

ஸ்வீட் பாக்ஸ்

கீரப்பாளையத்துலேர்ந்து கடலூர் வரைக்கும் மழைல என் நெத்திய ஹெல்மெட்டுக்குள்ள பத்தரமா வச்சிகிட்டு, வெரல ஜோபிக்குள்ள வச்சிகிட்டு, ஒரு கையாலதான் புடிச்சிகிட்டு ஒக்காந்திருந்தேன். செந்தில் அப்பிடி வண்டி ஓட்டி நான் பாத்ததே இல்ல. ஷெட்டுல மொதலாளி ஸ்வீட் பாக்ஸ் குடுத்துகிட்டிருந்தாரு. ஜெனிஃபர் வாங்கிட்டு, பெஞ்சு டிராயரிலேர்ந்து டிபன் பாக்ஸ, சீப்ப, அது சொந்தக் காசுல வாங்கின நெயில் பாலிஷ் பாட்டில எடுத்து பைல போட்டுகிட்டிருந்துச்சு. நான் யார்கிட்டயும் பேசல. நேரா டிரில்லிங் மெஷின் கிட்ட போனேன். ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு அதுல அப்பிடியே இருந்துச்சு. இன்னொரு வெரல அதுல தேச்சேன். ரெண்டு வெரலயும் மொதலாளி மூஞ்சிக்கு நேரா நீட்டினேன்.

"இது கீரப்பாளையத்துல போர்டுலேர்ந்து வந்தது சார். இது நம்ம டிரில்லிங் மெஷின்லேர்ந்து வந்தது. மோந்து பாருங்க."

அவருக்கு புரியல. செந்தில்தான் ஒடைச்சான், ஷெட்டுக்குள்ளங்கறத மறந்து தைரியமா. "டிரேல இருந்த ஒவ்வொண்ணுக்கும் வச்சீங்கய்யா. 'இதுங்கல்லாம் நம்ம புள்ளைங்கடா, ஒண்ணத்தயும் வுடக்கூடாது'ன்னு சொல்லி சொல்லி வச்சீங்க." மொதலாளி ஒரு வெரல மோந்தாரு. இன்னொரு வெரல மோந்தாரு. அலமாரிலேர்ந்து ஜெனிஃபர் செட் பண்ண பழைய போர்டு ஒண்ண எடுத்து செவப்ப நகத்தால சொரண்டினாரு. வரல. இன்னும் அழுத்தி சொரண்டினாரு. நகம்தான் ஒடஞ்சிது. போர்ட மெல்ல வச்சாரு. கண்ணாடிய கழட்டி தொடச்சாரு, அதுல ஒண்ணும் அழுக்கே இல்ல.

"ஏம்மா ஜெனிஃபரு," கண்ணாடிய திருப்பி மாட்டிகிட்டாரு, "இந்த பாலிஷ் பச்ச கலர்ல கெடைக்காதா?"

"கெடைக்கும் சார். ஆனா தீபாவளிக்கு அப்பறம் என்ன வர வேணாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். கோவத்துல சொன்னேன்மா. நான் வச்ச பொட்டுக்கு ஒன்ன தொரத்த பாத்தேன். வந்துடு. செட்டிங் பெஞ்சு ஒன்னுதுதான்."

ஜெனிஃபர் பாட்டில பைலேர்ந்து எடுத்து பெஞ்சு மேல 'டொக்'குன்னு வச்சிது. ஸ்வீட் பாக்ஸ பிரிச்சி மொத துண்ட எங்கிட்ட நீட்டுச்சு, ரெண்டாவது செந்திலுக்கு. மூணாவத மொதலாளி கிட்ட நீட்டிகிட்டே சொல்லுச்சு.

"பச்ச வாங்கிட்டு வரேன் சார். அடுத்த பூஜைக்கு என் டிரேய மட்டும் நானே பூட்டி வச்சிட்டு போறேன், சாமி கோவிச்சிக்காது."

மறுநாள் காலைலேர்ந்து பட்டாசு சத்தத்துக்கு நடுவுல கரண்டு ஒரு தடவ கூட போகல, என் போனும் ஒரு தடவ கூட அடிக்கல, இன்வெர்ட்டர் செய்யறவனுக்கு இதவிட பெரிய பண்டிக எந்த காலண்டர்லயும் கெடையாது.